திரைத் தொழிலும் சர்வகலாசாலையும்

1950 ஆம் ஆண்டில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸாரின் ‘மந்திரி குமாரி’ வெளிவந்தபோது, அதன் டைரக்டர்களாகப் பெயர் தாங்கிய இருவரில் ஒருவர், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் நெசவுத் தொழில் நுட்பம் கற்றுத் தாயகம் திரும்பிய டி. ஆர். சுந்தரம், மற்றவர், தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சினிமாக் கலையை முறையாகப் பயின்று, தமிழில் ஓர் அட்சரமும் அறியாதவராய் 1935 இல் இந்தியாவுக்குக் கப்பலேறி வந்த அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். கலிபோர்னியாவில் தம்முடன் ஒருசாலை மாணாக்கராயிருந்த மாணிக்லால் டாண்டனோடு சில மாதம் தங்கிப்போக எண்ணி வந்தவர், ‘சதி லீலாவதி’ (1936), ‘அம்பிகாபதி’ (1937), ‘சகுந்தலை’ (1940), ‘மீரா’ (1945) என்று படத்தின் மேல் படமாக எடுத்துப் பதினைந்து ஆண்டுகள் இந்நாட்டிலேயே இருந்துவிட்டார். மேடை நாடகத்தை அப்படியே காமிராவின் முன் நிறுத்திப் பிடிக்கும் வழக்கம் மேலோங்கியிருந்த ஒரு தொழிலில், காட்சியைக் கோணங்களாகப் பிரிப்பதும், காமிராவை இடம்பெயர்ப்பதும், முகத்துக்கு அருகே சென்று அதன் பாவத்தைப் பேசவிடுவதும் அவர் கைவழியாகப் பெருமளவு பழக்கமாயின. 1857 இலேயே தோன்றிய சென்னைச் சர்வகலாசாலையும், அதற்குப் பின் வந்த நம் கலாசாலைகளும், சினிமாவைப் படிப்புக்குரிய விஷயமாகக் கருதியிராத அந்நாளில், கடல் கடந்த ஒரு சர்வகலாசாலையின் உபகாரம் இவ்வாறு தமிழ்ப் படத்தொழிலுக்குத் தற்செயலாக வந்து சேர்ந்தது; 1950 இல் அவர் ஊர் திரும்பியதும் தற்செயலாகவே நின்றும் போயிற்று.

மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்த ஸ்தாபனம். தமிழின் முதல் முழுநீள வர்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956 இல் அங்கிருந்துதான் வந்தது. கோயம்புத்தூரில் சென்டிரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும் அதே காலத்தில் ஓங்கியிருந்தன. இன்றோ, ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு ஒன்று நிற்கிறது. அவ்வளாகத்தில் ஒலிப்பதிவு செய்தவர்களும், செட்டுப் போட்டவர்களும், லைட் பிடித்தவர்களும் கற்றிருந்த வித்தை அவர்களோடு கோடம்பாக்கம் போயிற்று, அல்லது அவர்களோடு மறைந்தது.

காரைக்குடியின் கதையை இன்னும் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. யுத்த காலத்தின் மின்சாரத் தட்டுப்பாட்டினால் சென்னையில் ஸ்டூடியோ அமைக்க இயலாத ஏ. வி. மெய்யப்பச் செட்டியார், காரைக்குடியில் தேவகோட்டை ரஸ்தாவின் அருகே ஒரு நாடகக் கொட்டகையையும் சுற்றியிருந்த நிலத்தையும் பிடித்துக் கொட்டகைகள் எழுப்பி, ‘நாம் இருவர்’ படத்தை எடுத்து 1947 இன் தொடக்கத்தில் வெளியிட்டார். அதே 1947 இல், அதே காரைக்குடியில், வள்ளல் அழகப்பச் செட்டியார் தம் கலாசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, அவர் அளித்த 300 ஏக்கர் நிலத்தில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடத்துக்கு நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். அந்த 1948 இலேயே ஏவி.எம். ஸ்டூடியோ மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்குப் பெயர்ந்தது. ஒரு சிற்றூரில் ஒரே காலத்தில் ஒரு சினிமா ஸ்டூடியோவும், ஒரு கலாசாலையும், ஒரு விஞ்ஞானக் கூடமும் கூடிவந்த சந்தர்ப்பம் இந்தியாவில் வேறெங்கேனும் வாய்த்ததோ என்று நான் வியப்பதுண்டு. ஆயினும் அம்மூன்றையும் ஒன்றோடொன்று பேசவைக்க வேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்தில் எவர் மனத்திலும் எழுவதற்கில்லை. கலாசாலையின் கண்ணுக்குச் சினிமா கேளிக்கை, சினிமாவின் கண்ணுக்குக் கலாசாலை பையன்கள் பரீட்சை எழுதும் இடம். ஸ்டூடியோ போயிற்று, கலாசாலை நின்று, வளர்ந்து, 1985 இல் அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு வித்தாயிற்று.

முதலாளிகளைக் குறைகூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. கம்பெனி என்பது லாபமும் வசதியும் உள்ள இடத்தை நாடிப் போவது. அது அதன் தர்மம். அரசாங்கமும் ஐந்தாண்டுக்கொரு முறை முகம் மாறுவது. ஊரோடு கட்டுண்டு, தலைமுறைகளைக் கடந்து, நஷ்டக் கணக்கைக் கண்டு கதவடைக்காமல் நிற்கும் தன்மை சர்வகலாசாலைக்கே பிரத்தியேகமாக உரியது. கிணறு வெட்டியவன் தன் கிணற்றைத் தூர்த்துவிட்டுப் போகலாம், ஏரியை ஊரார் அப்படி விட்டுவிட முடியாதல்லவா? திரைத் தொழிலுக்கும் இன்று அதன் இளைய உடன்பிறப்பாக வளர்ந்துள்ள டிஜிட்டல் ஊடகத் தொழிலுக்கும், அந்தந்த ஊரிலேயே அத்தகைய பொது நீர்த்தேக்கமாக இருக்க வேண்டிய கடமை நம் சர்வகலாசாலைகளுக்கு உண்டு என்பதும், அக்கடமையை ஆள் சேர்த்துக்கொடுக்கும் வேலையாகச் சுருக்கிக்கொள்வது தவறு என்பதுமே என் அபிப்பிராயம்.

இக்கடமை நடைமுறைக்கு ஒத்தது என்பதற்கு ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள டண்டி நகரம் சாட்சி. வங்காளத்திலிருந்து மூட்டை மூட்டையாக வந்த சணலை நூற்றும் நெய்தும் செழித்த ஊர் அது. அந்தச் சணல் ஆலைகள் கல்கத்தாவின் ஹூக்ளிக் கரைக்கு இடம்பெயரத் தொடங்கிய பின் மெல்ல மெல்ல நொடித்தது. பிறகு டைமெக்ஸ் கடிகாரக் கம்பெனியின் தொழிற்சாலை ஆயிரக்கணக்கானவர்க்குச் சோறு போட்டது. ‘சின்கிளேர் ஸ்பெக்ட்ரம்’ என்னும் மலிவான வீட்டுக் கம்ப்யூட்டர் அங்கேதான் தயாராயிற்று. அதுவும் 1993 இல், கசப்பான ஒரு வேலைநிறுத்தத்தின் முடிவில், மூடப்பட்டது. ஆனால் அதற்குள், அத்தொழிற்சாலையில் தொழில் பழகுநராயிருந்து ஆட்குறைப்பில் வெளியேறிய டேவிட் ஜோன்ஸ் என்னும் இளைஞர், கையில் கிடைத்த நஷ்டஈட்டுப் பணத்தில் ஒரு கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டு, டண்டி தொழில்நுட்பக் கலாசாலையில் சேர்ந்து படித்துக்கொண்டே, நண்பர்களோடு விளையாட்டுகளை எழுதத் தொடங்கியிருந்தார். அவருடைய டி.எம்.ஏ. டிசைன் என்னும் சிறு கம்பெனியிலிருந்து 1991 இல் ‘லெம்மிங்ஸ்’ வந்தது, 1997 இல் ‘கிராண்டு தெஃப்ட் ஆட்டோ’ வந்தது. இரண்டும் உலகெங்கும் பரவின.

அந்தக் கலாசாலை 1994 இல் அபர்ட்டே என்னும் பெயரோடு சர்வகலாசாலையாகி, 1997 இல் கம்ப்யூட்டர் விளையாட்டுத் தொழில் நுட்பத்துக்கென்றே ஒரு பட்டப் படிப்பை ஏற்படுத்தியது. உலகில் அத்தகைய பட்டங்களுள் அதுவே முதலாவது என்று சொல்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் விளையாட்டுக்கு ஒரு பட்டமா என்று கேட்டிருக்கக் கூடும், கேட்காதிருந்தால்தான் ஆச்சரியம். பட்டத்தோடு அவர்கள் நிற்கவில்லை. பல கலாசாலைகளின் மாணவர்கள் சிறு சிறு குழுக்களாகக் கூடிக் கோடை விடுமுறையில் தொழிலறிந்தவர்களின் மேற்பார்வையில் ஒரு விளையாட்டின் மாதிரியை முடித்து, அதைப் பொதுமக்களே ஆடிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் போட்டி ஒன்றையும் அபர்ட்டே பல ஆண்டுகள் நடத்தியது. சிறு கம்பெனிகள் தங்கள் முதல் மாதிரியைச் செய்து பார்ப்பதற்கான பொது நிதியை நிர்வகிக்கும் பொறுப்பும் அதன் கைக்கு வந்தது.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது, பின்னால் நிகழ்ந்தவற்றையே. டி.எம்.ஏ. டிசைன் கைமாறி எடின்பரோவுக்குப் போய்விட்டது. அதே ஜோன்ஸ் மறுபடி டண்டியில் தொடங்கிய பெரிய கம்பெனியான ரியல்டைம் வோர்ல்ட்ஸ் 2010 இல் திவாலாயிற்று. சேலத்திலும் கோவையிலும் ஸ்டூடியோக்கள் சாய்ந்தபோது தொழிலே ஊரைவிட்டுப் போனது போல, இவ்வடிகளுக்குப் பின் டண்டியிலிருந்தும் போயிருக்க வேண்டும், போகவில்லை. சிதறியவர்களில் பலர் அங்கேயே சிறு சிறு கம்பெனிகளை வைத்தார்கள். உலகப் புகழ் பெற்ற ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கும் விளையாட்டுக் கருவிகளுக்கேற்ப மாற்றியமைத்த 4ஜே ஸ்டூடியோஸ் அந்த ஊரினதே. ஆண்டுதோறும் புதிதாகக் கற்றுவரும் இளைஞர்களும், பகுதிநேரமாகக் கற்பிக்க ஓர் இடமும், கடன் வாங்கிக்கொள்ளக் கருவிகளும், பேசிப் பார்க்கப் பேராசிரியர்களும் உள்ள ஊரில், வேலையிழந்த கைத்தேர்ச்சி உடனே அன்னிய நகரத்தைத் தேடி ரயிலேற வேண்டியதில்லை.

ஆராய்ச்சி மட்டும் உயர்ந்தால் ஊரும் தானே உயரும் என்று சிலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் யூட்டா சர்வகலாசாலையில், 1960களின் பிற்பகுதி தொட்டு ராணுவ இலாகாவின் ஆராய்ச்சிப் பணத்தைக்கொண்டு டேவிட் எவன்ஸும் ஐவன் சதர்லாண்டும் அமைத்த சிறு துறையில், கம்ப்யூட்டர் சித்திரக் கலையின் அடிப்படைகள் பல பிறந்தன. வளைந்த பரப்பின்மேல் ஒளி எப்படி விழும் என்பதற்கு அங்கு பயின்ற பிரெஞ்சுக்காரரான கூரோவும், வியட்நாமியரான புய் துவோங் ஃபோங்கும் கண்ட வழிகள் இன்றளவும் பாடங்களில் அவர்கள் பெயராலேயே வழங்குகின்றன. 1972 இல் தம் இடக்கையின் அச்சை வைத்து ஓர் அசையும் கையைக் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டிய மாணவர் எட்வின் காட்மல், பின்னர் பிக்ஸார் கம்பெனியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராகி, 1995 இல் ‘டாய் ஸ்டோரி’யைத் தந்தவர்களுள் நின்றார். ஆனால் பிக்ஸார் எழுந்தது கலிபோர்னியாவில். யூட்டா விதைத்ததன் பெரும்பகுதியை வேறு மாகாணம் அறுத்துக்கொண்டது. சாஸ்திர ஞானம் ஒரு பாதி. அந்த ஞானத்தை ஊரில் தங்கவைக்கும் ஏற்பாடு மறு பாதி.

ஆள் சேர்த்துக்கொடுக்கும் வேலை என்று மேலே சொன்னேன். அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கம்ப்யூட்டர் விளையாட்டு ஆகிய துறைகளை ஊக்குவிக்க 2022 ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் ஒரு பணிக்குழு அறிவிக்கப்பட்டதும், 2024 இல் மும்பையில் இதற்கென்றே ஒரு தேசிய நிலையத்துக்கு மந்திரிசபை ஒப்புதல் தந்ததும் வரவேற்கத் தக்கவை. ஆயினும் இவற்றைச் சுற்றி எழும் பேச்சில், எத்தனை லட்சம் பேருக்கு வேலை என்னும் ஒரே கேள்விதான் உரத்துக் கேட்கிறது. அவ்வேலையின் தன்மை என்னவென்று பார்க்க வேண்டாமா? புதுச்சேரியின் தெருக்களையும் காட்டிய ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்கு, புலியைக் கம்ப்யூட்டரில் படைத்துக் கொடுத்த ரிதம் அண்டு ஹியூஸ் கம்பெனி, நம் நாட்டிலும் கிளைகள் வைத்திருந்தது. 2013 பிப்ரவரியில் அப்படத்துக்கு விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கார் பரிசு கிடைத்த அதே மாதத்தில் அக்கம்பெனி திவால் மனுப் போட்டது. 2025 பிப்ரவரியில் அதே தொழிலின் மற்றொரு கம்பெனியான டெக்னிகலர் சாய்ந்தபோது, பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கான கலைஞர்கள் திடீரென்று வேலையிழந்தார்கள். அவர்களிற் பலர் செய்துவந்தது ‘ரோட்டோ’ என்று தொழிலில் சொல்லப்படும், ஒவ்வொரு ஃபிரேமாக உருவத்தின் விளிம்பை வெட்டியெடுக்கும் பொறுமையான வேலை. அதை யந்திரமே செய்துவிடும் நாள் தொலைவில் இல்லை, பாதி வந்தும் விட்டது. இன்று சந்தையிலுள்ள ஒரு மென்பொருளின் பொத்தான்களை அழுத்தக் கற்பிப்பதையே பாடத்திட்டமாக்கிக்கொள்ளும் சர்வகலாசாலை, தன் மாணவனை அந்த மென்பொருளின் ஆயுளோடு கட்டிப்போடுகிறது. ஒளி, நிறம், உடற்கூறு, நடை, கதை, ஒலி, கணிதம் இவை மாறாதவை. இவற்றில் தேர்ந்தவன் கருவி மாறினாலும் தானும் மாறிக்கொள்வான்.

நம்மிடம் ஏதுமே இல்லை என்று சொல்வதும் அநியாயம். சென்னை தரமணியிலுள்ள அரசாங்கத் திரைப்படப் பயிற்சி நிலையம், பூனாவில் 1960 இல் தோன்றிய பிரசித்தமான நிலையத்துக்கும் முற்பட்டது. 1945 ஆம் ஆண்டளவில் சென்ட்ரல் பாலிடெக்னிக்கின் ஒரு பிரிவாக, ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் கற்பிக்கும் இடமாக ஆரம்பித்தது. ஏழைப் பிள்ளைகளும் கட்டக்கூடிய சொற்பக் கட்டணத்தில் அது பயிற்றிய ஒளிப்பதிவாளர்கள் தமிழ்ப் படத்தின் தோற்றத்தையே மாற்றினார்கள். ‘நாயகன்’ (1987) படத்துக்குத் தேசிய விருது பெற்ற பி. சி. ஸ்ரீராம் அங்கே கற்றவர். 1986 இல் அந்நிலையத்து மாணவர்கள் ஒன்றுகூடி, ஆபாவாணனின் முயற்சியில், அரவிந்தராஜின் டைரக்‌ஷனில் ‘ஊமை விழிகள்’ படத்தை அகன்ற திரையில் எடுத்து வெற்றி கண்டபோது, டிப்ளமாக்காரர்களுக்குச் சாதம் வடிக்கக்கூடத் தெரியாது என்கிற ரீதியில் ஏளனமாகப் பேசிய கோடம்பாக்கம் சற்றே வாயடைத்தது. அன்று நடந்ததில் ஒரு பெரிய பாடம் இருந்தது: ஒரே வகுப்பில் கற்ற காமிராமேனும், எடிட்டரும், சவுண்டு இன்ஜினியரும், கதாசிரியரும் ஒரே அணியாக வெளியே வந்தால், தனியொருவனாக வாசல் வாசலாக நிற்பவனுக்கு இல்லாத பலம் அவர்களுக்கு உண்டு. அப்பாடத்தை ஒரு வழக்கமாக, ஆண்டுதோறும் நிகழும் ஏற்பாடாக, நாம் ஆக்கிக்கொள்ளவில்லை.

அந்நிலையம் இன்று 2013 இல் உருவான இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் வழியாகப் பட்டம் தருகிறது. டிப்ளமா பட்டமானதில் எனக்குச் சந்தோஷமே. ஆயினும் தரமணியில் அதைச் சுற்றி நாலாபுறமும் பொறியியலும், ஆராய்ச்சியும், மென்பொருள் கம்பெனிகளும் சூழ்ந்திருக்க, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகமும் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் கூப்பிடு தூரத்தில் இருக்க, தமிழ் டப்பிங்குக்கு வேண்டிய பேச்சொலி ஆராய்ச்சியும், பழைய ஒலித்தடங்களைத் துலக்கும் ஆராய்ச்சியும், சிறு பட்ஜெட் படங்களுக்கேற்ற மலிவான கருவிகளை வடிக்கும் ஆராய்ச்சியும் இவர்கள் எல்லோரும் கூடிச் செய்யும் காரியங்களாக ஏன் அமையக்கூடாது? இந்தியக் கலாசாலை வளாகத்திலிருந்து ஒலித்த முதல் சமுதாய வானொலியை 2004 இல் ஏற்படுத்தியது அண்ணா பல்கலைக்கழகந்தான். துணிவு அங்கே உண்டு.

தமிழ் சினிமாவின் ஞாபகத்தைப் பற்றி எழுதும்போது மனம் கனக்கிறது. தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமென்று கருதப்படும் நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இல்லை. 1931 அக்டோபர் 31 ஆம் தேதி வெளியான, தமிழ் பேசிய முதல் படமான ‘காளிதாஸ்’ இல்லை. நைட்ரேட் சுருள்கள் எரிந்தும், உளுத்தும், அவற்றிலிருந்த வெள்ளிக்காக உருக்கப்பட்டும் அழிந்த படங்கள் எத்தனையோ. மிஞ்சிய தகவல்களைக் காத்தவர்கள் யார் என்று பார்த்தால், ஸ்டில்களையும் விளம்பரத் தாள்களையும் தம் வீட்டில் சொந்தச் செலவில் சேர்த்துவைத்து, படத்தின் பெயரைச் சொன்னால் விவரம் சொல்லும் நடமாடும் கலைக்களஞ்சியமாக வாழ்ந்து 2016 இல் மறைந்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் முதலில் நினைவுக்கு வருகிறார். அவர் மக்கள் தொடர்பாளர். தமிழ்ப் படங்களை ஆதாரங்களோடு ஆராய்ந்து 1981 இலும் 1996 இலும் முன்னோடி நூல்களை வெளியிட்ட சு. தியடோர் பாஸ்கரன் தபால் இலாகாவின் உயர் அதிகாரி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த கார்த்திகேசு சிவத்தம்பி இதைக் கல்வித் துறைக்குரிய விஷயமாக எடுத்துக்கொண்டு எழுதியது போல, தமிழ்நாட்டுச் சர்வகலாசாலைகளில் அக்காலத்திலேயே பத்துப் பேர் எழுதியிருக்க வேண்டாமா?

கோட்டையூர் ரோஜா முத்தையாச் செட்டியாரின் சேகரிப்பு இதை இன்னும் கூர்மையாக உணர்த்துகிறது. காரைக்குடிக்கு அருகிலுள்ள அச்சிற்றூரில், பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்த அம்மனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த தமிழ் நூல்களோடு, பத்திரிகைகளும், நாடக நோட்டீசுகளும், கொட்டகை வாசலில் காலணா அரையணாவுக்கு விற்ற சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் அடங்கிய அப்பொக்கிஷத்தை, 1992 இல் அவர் மறைந்தபின் 1994 இல் விலைகொடுத்து வாங்கியது சிகாகோ சர்வகலாசாலை. வாங்கியவர்கள் கப்பலேற்றிக் கொண்டுபோகாமல், அதைத் தமிழ் மண்ணிலேயே நூலகமாக நிலைபெறச் செய்தது பெருந்தன்மை. அந்நூலகம் இன்று தரமணியில் இருக்கிறது. இழந்துபோன படங்களின் கதைச் சுருக்கத்தையும், நடிகர் பட்டியலையும், பாடல்களையும் அறிய இப்பாட்டுப் புத்தகங்களே கதியென்னும்போது, அவற்றைக் காக்க மிச்சிகன் ஏரிக்கரையிலிருந்து ஒரு சர்வகலாசாலை வர நேர்ந்ததை நாம் நன்றியோடும் வருத்தத்தோடும் நினைக்க வேண்டும். ஞாபகம் என்பது தொழிலுக்குப் புறம்பான அலங்காரம் என்று எண்ணிவிடாதீர்கள். பழைய படங்களைத் துலக்கி மறுபடி வெளியிடுவதும், டிஜிட்டல் தளங்களுக்கு உரிமை விற்பதும் இன்று காசு கொட்டும் வியாபாரம். நல்ல நெகடிவும், உரிமைப் பத்திரமும், சரியான வரலாறும் கையிலிருப்பவனுக்கே அது வாய்க்கும்.

இனி மாவட்டங்களுக்கு வருவோம். பொள்ளாச்சியின் தென்னந்தோப்புகளும், கோபிச்செட்டிபாளையத்து வயல்களும், செட்டிநாட்டின் பெரிய வீடுகளும் எத்தனை படங்களில் வந்தாயிற்று! யூனிட் வருகிறது; லாட்ஜ் நிரம்புகிறது; வீட்டுக்கு வாடகையும், வேனுக்கு நாள் கூலியும், கூட்டத்தில் நிற்பவர்க்கு ஒரு நாள் பேட்டாவும் கிடைக்கின்றன; காமிராவும் லைட்டும் அவற்றை இயக்குவோரும் சென்னையிலிருந்து வண்டியில் வந்து, வந்த வண்டியிலேயே திரும்பிவிடுகிறார்கள். ஊருக்கு எஞ்சுவது ‘இங்கேதான் அந்தப் பாட்டை எடுத்தார்கள்’ என்னும் பேச்சு மாத்திரம். ஊர்ப் பிள்ளைகளிலேயே ஃபோகஸ் பிடிக்கவும், லொகேஷன் சவுண்டு எடுக்கவும், ஆர்ட் டிபார்ட்மெண்டில் நிற்கவும் தேர்ந்தவர்கள் இருப்பார்களாயின், வெளியூரிலிருந்து அழைத்துவரும் செலவும் மிச்சம், ஊருக்கும் வருமானம்.

டிஜிட்டல் ஊடகமோ சென்னையின் அனுமதிக்காகக் காத்திருக்கவே இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, வயல்வெளியில் பெரிய பாத்திரங்களில் சமைத்து ஊராருக்குப் பரிமாறுவதைப் படம்பிடித்த வில்லேஜ் குக்கிங் சேனல், 2021 இல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டியது. எந்தக் கலாசாலையும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. தங்கள் ஊர் பேசும் தமிழையும், தங்கள் ஊரின் வெளிச்சத்தையும் கூச்சமின்றிக் காட்டலாம் என்னும் தைரியமே அவர்களுக்கு மூலதனம். கோயம்புத்தூரின் கொங்குப் பேச்சை வைத்தே நகைச்சுவைத் தொடர்கள் எடுத்த இளைஞர்களும் உண்டு. ஆனால் இப்படி வெற்றிபெற்ற ஒருவருக்குப் பின்னால், கடன் வாங்கிக் காமிரா வாங்கி, அல்காரிதத்தின் தயவை நம்பி, இரண்டு ஆண்டில் சோர்ந்துபோன நூறு பேர் இருப்பார்கள் என்று ஊகிப்பதில் பிழையில்லை. ஒலிபுகாத ஓர் அறை, வாடகையின்றிச் சில நாளுக்குக் கிடைக்கும் ஒரு நல்ல காமிரா, எடிட்டிங் பார்த்துக் குறை சொல்ல ஓர் அனுபவசாலி, முதல் முயற்சி தோற்றால் வட்டி கேட்காத ஒரு சிறு தொகை: இவ்வளவும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எல்லையிலும், பாரதியார் பல்கலைக்கழகத்தின் எல்லையிலும், நெல்லையின் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லையிலும் இருந்தால் எத்தனை பேர் நிமிர்வார்கள்! மாணவனாகப் பெயர் பதிந்தவனுக்கு மட்டும் என்று அதன் கதவை வைக்காமல், ஊரில் அக்காரியத்தில் இறங்கிய எவனுக்கும் திறந்துவைக்க வேண்டும். விஸ்காம் என்று மாணவர்கள் செல்லமாக அழைக்கும் காட்சித் தொடர்பியல் துறைகள் ஊர்தோறும் பெருகியிருக்கின்றன. பல இடங்களில் காமிராக்கள் பூட்டிய அலமாரியில் பத்திரமாயிருக்கின்றன என்பது, அங்கே பயின்ற பிள்ளைகளோடு பேசியவர்கள் எல்லோரும் அறிந்த சங்கதி.

சட்டத்தின் துணையும் வேண்டும். 2012 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தம், படத்துக்குப் பாட்டு எழுதியவர்க்கும் இசையமைத்தவர்க்கும், அப்பாட்டு தியேட்டருக்கு வெளியே சம்பாதிப்பதில் ஒரு பங்கை, அவர்களே கையெழுத்திட்டுக் கொடுத்தாலும் பறிபோகாத உரிமையாக ஆக்கிற்று. இதை அறிந்த இளம் பாடலாசிரியர்கள் எத்தனை பேர்? கதை விவாதத்தில் மாதக்கணக்காக உட்கார்ந்து, படம் வெளிவந்தபின் தன் கதை தன்னுடையதென்று நிரூபிக்க ஒரு காகிதமும் இல்லாமல் தவிக்கும் உதவி இயக்குநர்களின் துயரத்தைக் கோடம்பாக்கமும் வளசரவாக்கமும் நன்கு அறியும். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள், தங்கள் பேராசிரியரின் மேற்பார்வையில், இத்தகையவர்களின் ஒப்பந்தங்களை இலவசமாக வாசித்து விளக்கும் ஒரு மையத்தை வடபழனியிலேயே நடத்தினால், அதற்கு ஆகும் செலவு சொற்பம். அதனால் காக்கப்படும் உழைப்போ பெரிது. யூடியூப் சேனல்காரர் விளம்பரக் கம்பெனியோடு எழுதும் ஒப்பந்தத்துக்கும் இதே துணை தேவை.

இவை யாவும் கற்பிப்பவரைப் பொறுத்தவை. முப்பது ஆண்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் காதைத் தீட்டிக்கொண்டவர், ‘நெட்’ பரீட்சை எழுதாத காரணத்தால் ஒரு வகுப்பறைக்குள் ஆசிரியராக நுழைய முடியாதிருந்தது நெடுங்கால வழக்கம். அதற்கு நிவர்த்தியாக, 2022 இல் பல்கலைக்கழக மானியக் குழு, தம் துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் உடையவரை, முனைவர் பட்டம் கேட்காமலே, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மிகாமல் பேராசிரியராக அமர்த்திக்கொள்ள வழிசெய்திருக்கிறது. மேக்கப் கலைஞரும், செட்டுக் கட்டும் ஆசாரியும், சண்டைப் பயிற்சியாளரும், கலர் கிரேடிங் செய்பவரும் இவ்விதியின்கீழ் வர எந்தத் தடையும் இருப்பதாகத் தெரியவில்லை. பூந்தமல்லிக்கு அருகே ஏறத்தாழ 500 கோடி ரூபாய்ச் செலவில் நவீனத் திரைப்பட நகரம் ஒன்றை அரசாங்கம் 2024 இல் அறிவித்தது. அந்நகரத்தின் திட்டத்திலேயே ஒரு பொதுப் படச்சுருள் காப்பகத்துக்கும், பல்கலைக்கழகங்கள் முறைவைத்துப் பயன்படுத்திக்கொள்ளும் ஒரு தளத்துக்கும் இடம் ஒதுக்கிவிட வேண்டும், கட்டடம் எழும்பிய பின் கேட்டால் இடம் இராது. சேலத்துப் பெரியார் பல்கலைக்கழகமும், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகமும் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. மாடர்ன் தியேட்டர்ஸிலும் ஏவி.எம்.மிலும் வேலை பார்த்தவர்களின் குடும்பங்களில் இன்னும் இருக்கக்கூடிய புகைப்படங்களையும், கடிதங்களையும், சம்பளச் சீட்டுகளையும் தேடிச் சேகரிக்கும் வேலையை வரும் கல்வி ஆண்டிலேயே தங்கள் வரலாற்றுத் துறை மாணவர்களிடம் ஒப்படைக்கலாம். அத்துறைகளில் அதற்கான பேராசிரியர்கள் இப்போதே இருக்கிறார்கள்.